மட்சுஷிதா கோனோசுகே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்சுஷிதா கோனோசுகே யார்?

இன்று பானசோனிக் என்று நாம் அறியும் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஜப்பானிய வழக்கப்படி மட்சுஷிதா என்பது குடும்பப் பெயர், கோனோசுகே என்பது இட்ட பெயர். 1894 நவம்பர் 27 அன்று வகயாமா பகுதியில் வாசா என்ற கிராமத்தில் பிறந்தார். 1989 ஏப்ரல் 27 அன்று 94 வயதில் காலமானார். நிறுவனம் 2008 வரை அவருடைய குடும்பப் பெயரில்தான் இயங்கியது. நேஷனல், பானசோனிக், டெக்னிக்ஸ் எல்லாம் அதன் வணிகப் பெயர்கள்.

இவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பொன்மொழிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய நிர்வாகத் தத்துவத்தைப் புரிந்துகொள்ள விலைப் பட்டியல், கடன் தவணை, மாதக் கணக்கு இவற்றைப் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும்.

பரம ஏழைக் குடும்பத்தில் பிறந்தவரா?

இல்லை. ஊரில் நிலபுலன் உள்ள வசதியான குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் இவர் கடைசி. 1899 வாக்கில் தந்தை அரிசி ஊக வணிகத்தில் பணத்தைப் போட்டுச் சொத்தை இழந்தார். 1904இல் நான்காம் வகுப்பை முடிக்காமலே, ஒன்பது வயதில், ஒசாகாவில் கரியடுப்பு விற்கும் கடைக்கு எடுபிடியாக அனுப்பப்பட்டார். அந்தக் கடை சில மாதங்களில் மூடப்பட, அடுத்து சைக்கிள் கடை. அப்போது சைக்கிள் விலை உயர்ந்த இறக்குமதிச் சரக்கு. பழுதுபார்ப்பும் வாடிக்கையாளரிடம் பேசும் விதமும் அங்கேதான் பழகின.

ஒசாகாவில் மின்சார டிராம் ஓடுவதைப் பார்த்து, இனி மின்சாரத்துக்குத்தான் காலம் என்று 1910இல் ஒசாகா மின்விளக்கு நிறுவனத்தில் வயரிங் உதவியாளராகச் சேர்ந்தார். 22 வயதில் ஆய்வாளர் பதவி கிடைத்தது. அரை நாளில் முடிந்துவிடும் வேலை, நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டு 1917இல் வெளியேறினார். காரணம், தான் வடிவமைத்த பல்ப் சாக்கெட் ஒன்றை மேலதிகாரி தேறாது என்று ஒதுக்கியது.

அந்தச் சாக்கெட் விற்றதா?

விற்கவில்லை. மேலதிகாரி சொன்னதில் நியாயம் இருந்தது என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

கையில் ஏறத்தாழ 100 யென். வாடகை வீட்டின் தரையைப் பெயர்த்துப் பட்டறை ஆக்கினார். ஆட்கள் ஐந்து பேர்: அவர், மனைவி முமெனோ, மனைவியின் தம்பி 14 வயது இயூவே தோஷியோ, பழைய சகாக்கள் இருவர். சாக்கெட்டின் மின்காப்புக் கலவையை எப்படிச் செய்வது என்பதே யாருக்கும் தெரியாது. ஆஸ்பால்ட், ஆஸ்பெஸ்டாஸ், கல்தூள் சேரும் என்று தெரியும், அளவு தெரியாது. தொழிற்சாலைகள் அதை ரகசியமாக வைத்திருந்தன. ஒருவழியாகச் செய்து முடித்து ஊர் முழுக்க அலைந்ததில் பத்து நாளில் சுமார் 100 சாக்கெட் போயிற்று, வரவு பத்து யென். சகாக்கள் இருவரும் விலகினார்கள். மனைவியின் துணிமணி அடகுக் கடைக்குப் போனது.

காப்பாற்றியது வேறொரு வேலை. 1917 டிசம்பரில் மின்விசிறி தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, பீங்கான் உடைகிறது என்பதால், அதே கலவையில் 1,000 மின்காப்புத் தட்டுகள் கேட்டது. வரவு 160 யென், அதில் லாபம் பாதி. அந்தப் பணத்தோடு 1918 மார்ச் 7 அன்று ஒசாகாவின் ஓஹிராகி பகுதியில் முறையாகத் தொழிற்கூடம் தொடங்கியது. முதலில் விற்ற பொருள் பழைய பல்புகளின் அடிப்பாகத்தை மறுபடி பயன்படுத்திச் செய்த பிளக். சந்தை விலையைவிட சுமார் 30 சதவீதம் மலிவு. அடுத்து வந்தது இரட்டைச் சாக்கெட். அந்தக் கால வீடுகளில் மின்சாரத்துக்கு ஒரே ஒரு வாய்தான், விளக்கு மாட்டும் இடம். அதையே இரண்டாகப் பிரித்தால் விளக்கும் எரியும், இன்னொரு கருவியும் ஓடும்.

கலவையின் செய்முறையைப் புதிதாகச் சேரும் ஆளுக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தொழிலில் அது வழக்கமே இல்லை. ரகசியத்தைக் காக்க உறவினரை மட்டும் வைத்து வேலை வாங்கினால் தொழில் வளராது என்பது அவர் கணக்கு.

சைக்கிள் விளக்கை இலவசமாகக் கொடுத்தாராமே, எப்படிக் கட்டுப்படியானது?

இரண்டு தனித்தனிச் சம்பவங்களை ஒன்றாகக் கலந்து சொல்வது வழக்கமாகிவிட்டது.

முதலாவது 1923இல், துப்பாக்கித் தோட்டா வடிவ விளக்கு. அதுவரை சைக்கிளுக்கு மெழுகுவர்த்தி அல்லது எண்ணெய் விளக்கு. பேட்டரி விளக்குகள் இருந்தாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் அணைந்துவிடும். மட்சுஷிதா ஏறத்தாழ நூறு மாதிரிகள் செய்து பார்த்தார். குறைந்த மின்சாரம் இழுக்கும் சிறு பல்பையும் புதிய பேட்டரி அமைப்பையும் சேர்த்து 30 மணி நேரத்துக்கு மேல் எரிய வைத்தார். மொத்த வியாபாரிகள் நம்பவில்லை. சரக்கு குவிந்தது. அப்போது கடைக்கு இரண்டு மூன்று விளக்குகளை விட்டு, ஒன்றை அங்கேயே எரியவிட்டு வந்தார். சொன்னபடி எரிந்தால் மட்டும் காசு கொடுங்கள் என்பது ஏற்பாடு. கடைக்காரர் கண்ணால் பார்த்த பிறகு ஆர்டர் தானாக வந்தது. ஆக, இது இலவசமே அல்ல. சோதனைச் செலவைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது 1927இல், சதுர வடிவ நேஷனல் விளக்கு. இம்முறை 10,000 விளக்குகள் உண்மையாகவே இலவசம். பேட்டரி கொடுத்த ஒகாடா நிறுவனத்திடம் அவர் வைத்த பேரம் இது: ஆண்டு முடிவதற்குள் 2,00,000 பேட்டரி விற்றுக் காட்டுகிறேன், காட்டினால் 10,000 பேட்டரியை இலவசமாக விட்டுக்கொடுங்கள். விற்றது 4,70,000. விளக்கை ஒருமுறை வாங்குபவர் பேட்டரியைத் திரும்பத் திரும்ப வாங்குவார். அந்தக் கணக்கு இல்லாமல் இலவசம் கொடுத்தால் தலையில் துண்டுதான்.

குழாய்த் தண்ணீர்த் தத்துவம் என்றால் என்ன?

கோடையில் வழிப்போக்கர் ஒருவர் தெருவோர வீட்டுக் குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிறார். சுத்திகரித்து, காசு கட்டி வாங்கும் தண்ணீர்தான் அது. ஆனாலும் யாரும் திருட்டு என்று கூச்சல் போடுவதில்லை. அவ்வளவு தாராளமாக இருப்பதால் அதன் விலை பொருட்டாகத் தெரிவதில்லை. தொழில் செய்பவரின் வேலை, எல்லாப் பொருளையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்து வறுமையை ஒழிப்பது. இதுதான் கருத்து. 1932 மே 5 அன்று ஒசாகாவில் 168 ஊழியர்களைக் கூட்டி இதை அறிவித்தார். இலக்குக்குக் கெடு 250 ஆண்டுகள்! 25 ஆண்டுகள் கொண்ட பத்துக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் பத்து ஆண்டு கட்டுமானம், அடுத்த பத்து செயல்பாடு, கடைசி ஐந்து சமூகத்துக்குத் திருப்பித் தருவது. சில வாரங்களுக்கு முன்பு தென்ரிக்கியோ என்ற சமய அமைப்பின் தலைமையகத்தில் ஊதியம் இல்லாமல் உற்சாகமாக உழைக்கும் மக்களைப் பார்த்தது அவருக்குத் தூண்டுதல்.

நடைமுறையில் இதன் பொருள் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவது. 1927இல் வந்த இஸ்திரிப் பெட்டி நல்ல எடுத்துக்காட்டு. சந்தையில் நான்கு ஐந்து யென். ஜப்பான் முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம்கூட விற்காது. அவர் வைத்த விலை 3.20 யென். அந்த விலை கட்டுப்படியாக மாதம் 10,000 செய்தாக வேண்டும், அதாவது நாட்டின் மொத்தத் தேவையைவிட அதிகம். விலை குறைந்தால் இதுவரை வாங்காதவர் வாங்குவார் என்று துணிந்தார். பொருளை வடிவமைத்தவர் நகாவோ தெட்சுஜிரோ. பொருள் விற்றது, ஆனாலும் அந்தப் பிரிவு தொடக்கத்தில் நஷ்டம். அனுபவமில்லாத நண்பரைப் பங்காளியாக்கி முழுப் பொறுப்பையும் விட்டது தவறு என்று பிறகு நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

தத்துவத்தின் ஓட்டையும் இங்கேதான். வாங்காதவர் ஏராளமாக இருக்கும் வரைக்கும்தான் இந்தக் கணக்கு ஓடும். எல்லா வீட்டிலும் பொருள் வந்த பிறகு உற்பத்தியைப் பெருக்கினால் கிடங்குதான் நிரம்பும்.

1929 மந்தநிலையில் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை என்பது உண்மையா?

உண்மை. டிசம்பரில் விற்பனை பாதியாகி, சரக்கு வைக்க இடமில்லை. ஆளைப் பாதியாகக் குறைக்கலாம் என்று யோசனை வந்தது. நோயில் படுத்திருந்த மட்சுஷிதா சொன்னது: உற்பத்தியைப் பாதியாக்குங்கள், வேலை அரை நாள், கூலி முழுசு, விடுமுறை கிடையாது, எல்லோரும் சரக்கை விற்க இறங்குங்கள். இரண்டே மாதத்தில் கிடங்கு காலி. 1930 பிப்ரவரியில் முழு உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

ஆனால் எந்தக் காலத்திலும் ஆள்குறைப்பே செய்ததில்லை என்று நீட்டிச் சொல்வது தவறு. 1950இல் 500க்கும் மேற்பட்டோர் போக வேண்டியிருந்தது. அரை நாள் வேலைத் திட்டம் பலித்ததற்குக் காரணம், தேங்கியிருந்தது சில மாதச் சரக்கு, அதை விற்கக் கைகளும் இருந்தன. போருக்குப் பிறகு கடனும் வரி நிலுவையும் கழுத்தை நெரித்தபோது அதே மருந்து செல்லுபடியாகவில்லை.

ரேடியோ தொழிலில் முதலில் ஏன் தோற்றார்?

ஏற்கனவே ரேடியோ செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தை 1930இல் சேர்த்துக்கொண்டு, தன் விநியோக வழியில் சரக்கை அனுப்பினார். மலைமலையாகத் திரும்பி வந்தது. ஆராய்ந்தால் குறைகள் அற்பம்: வால்வு தளர்ந்திருக்கும், திருகு கழன்றிருக்கும். ரேடியோ மட்டும் விற்கும் கடைகளில் பழகிய ஆள் பெட்டியைப் பிரித்துச் சரிபார்த்துத்தான் கொடுப்பார். மட்சுஷிதாவின் சரக்கு போனதோ சாதாரண மின்சாமான் கடைகளுக்கு. அங்கே சத்தம் வரவில்லை என்றால் ‘பழுது’, அவ்வளவுதான்.

பழையபடி ரேடியோ கடைக்கே போகலாம் என்றார் அந்த நிறுவனத்தின் உரிமையாளர். மட்சுஷிதா ஒப்பவில்லை, பிரித்துப் பார்க்கவே தேவைப்படாத ரேடியோவைச் செய்ய வேண்டும் என்றார். பங்காளி விலக, நகாவோ குழு சில மாதங்களில் புதிய வடிவம் செய்தது. ஒலிபரப்பு நிலையத்தின் போட்டியில் 1931இல் அது முதல் பரிசு வாங்கியது. விலையை மட்டும் சந்தையைவிடக் கூட வைத்தார். முகவர்கள் சண்டைக்கு வந்தார்கள். லாபமில்லாமல் விற்றால் அடுத்த மாதிரிக்கு முதல் எங்கிருந்து வரும் என்று கேட்டுச் சமாளித்தார். 1932இல், ரேடியோ தயாரிப்பாளர்களை வதைத்துக்கொண்டிருந்த ஒரு காப்புரிமையை விலைக்கு வாங்கி, போட்டியாளர் உட்பட எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்.

பிரிவு முறை எப்படி வேலை செய்தது? எண்களோடு சொல்ல முடியுமா?

1933 மே மாதம் நிறுவனத்தை மூன்றாகப் பிரித்தார்: முதலாவது ரேடியோ; இரண்டாவது விளக்கும் உலர் பேட்டரியும்; மூன்றாவது வயரிங் சாமான், செயற்கைப் பிசின் பொருள், வெப்பக் கருவிகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தொழிற்சாலை, தனிக் கணக்கு, வடிவமைப்பு முதல் விற்பனை வரை முழுப் பொறுப்பு. நுரையீரல் நோயால் அவர் அடிக்கடி படுக்கையில் விழுந்ததும் இதற்கு ஒரு காரணம்.

முழு வடிவம் வந்தது 1954இல், உள்மூலதன முறை என்ற பெயரில். தலைமையகம் வங்கி மாதிரி. பிரிவுக்குத் தேவையான அளவு மூலதனத்தைக் கணக்கிட்டு ஒதுக்கும். அதற்குப் பிரிவு மாதம் 1 சதவீதம் கட்ட வேண்டும். விற்பனையில் 3 சதவீதம் தலைமையகக் கட்டணம். கற்பனைக்கு ஒரு கணக்கு:

உள்மூலதனம் 10 கோடி. மாதம் கட்ட வேண்டியது 10 லட்சம்.
மாத விற்பனை 5 கோடி. கட்டணம் 15 லட்சம்.
ஆக, சம்பளமும் மூலப்பொருளும் போக மாதம் 25 லட்சம் வந்தால்தான் பிரிவு சமநிலைக்கே வரும்.

இப்போது பிரிவுத் தலைவர் அலட்சியமாக 2 கோடிக்குச் சரக்கைத் தேக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கிய மூலதனம் போதாது. தலைமையகத்திடமே வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். அந்த வட்டி அவருடைய லாபத்தைத் தின்னும், மாத முடிவில் எல்லோருக்கும் தெரியும். சரக்கைத் தேக்காதே என்று யாரும் சுற்றறிக்கை அனுப்பத் தேவையில்லை.

இதற்கு இன்னொரு பூட்டு உண்டு. பிரிவின் கணக்காளர் பிரிவுத் தலைவரின் ஆள் இல்லை. தலைமையகம் அனுப்பிய ஆள். மாதக் கணக்கை மெருகேற்றச் சொன்னால் மறுக்கும் பலம் அவருக்கு உண்டு. இந்த ஏற்பாட்டின் சிற்பி தகாஹாஷி அராதாரோ. மட்சுஷிதாவின் பெயர் பரவிய அளவுக்கு இவர் பெயர் பரவவில்லை என்பது ஒரு குறைதான். பிரிவு முறையைக் காப்பியடித்துக் கைசுட்டுக்கொண்ட பல நிறுவனங்கள் இந்தப் பூட்டை விட்டுவிட்டன. அதிகாரத்தைக் கொடுத்தார்கள், கணக்கையும் அதே கையில் கொடுத்தார்கள்.

லாபம் பற்றி அவர் பார்வை என்ன?

நிறுவனம் சமூகத்தின் ஆட்களையும் பணத்தையும் நிலத்தையும் வாங்கிப் பயன்படுத்துகிறது. திருப்பிக் கூடுதலாகக் கொடுக்காவிட்டால் அது குற்றம். விற்பனையில் சுமார் 10 சதவீதம் நியாயமான லாபம் என்று கருதினார். மாதாமாதம் வரவு செலவை ஊழியர்களுக்குச் சொல்லும் பழக்கம் பட்டறைக் காலத்திலேயே இருந்தது. அதற்குக் கண்ணாடி நிர்வாகம் என்று பெயர். உள்ளங்கை நெல்லிக்கனி என்று நாம் சொல்லலாம்.

அணை நிர்வாகம்?

மழைநீரை அணை தேக்குவது போல மூலதனம், இயந்திரம், சரக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். இயந்திரம் என்றால் 10 முதல் 20 சதவீதத் திறன் சும்மா இருக்க வேண்டும். அதாவது 80, 90 சதவீத ஓட்டத்திலேயே லாபம் வரும்படி விலையைக் கட்ட வேண்டும். விற்காத சரக்கால் இயந்திரம் சும்மா இருப்பது அணை ஆகாது, அது வெறும் நஷ்டம். 1960களில் அவர் இதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில், அணை கட்டும் வழி என்ன என்று ஒருவர் கேட்டார். முதலில் வேண்டும் என்று நினைக்க வேண்டும் என்றார் மட்சுஷிதா. பலர் சிரித்தார்கள். பார்வையாளர்களில் இருந்த கியோசெரா நிறுவனர் இனாமோரி கஸுவோ மட்டும் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். அந்தக் கியோசெராவின் முதல் பொருளே மட்சுஷிதா குழுமத்தின் டிவி படக்குழாய்க்கான பீங்கான் பாகம்தான்.

பிலிப்ஸிடமிருந்து கட்டணம் வாங்கினாராமே?

நெதர்லாந்தின் பிலிப்ஸோடு 1952இல் தொடங்கிய கூட்டு நிறுவனத்தில் மட்சுஷிதாவின் பங்கு 70 சதவீதம், பிலிப்ஸின் பங்கு 30. தொழில்நுட்பக் கட்டணமாக பிலிப்ஸ் முதலில் விற்பனையில் 7 சதவீதம் கேட்டது. நீங்கள் தருவது தொழில்நுட்பம், அதை வைத்து ஆலையை ஓட்டி லாபம் காட்டுவது நாங்கள், அதற்கும் விலை உண்டு என்று பதில் போனது. கடைசியில் பிலிப்ஸுக்கு 4.5 சதவீதம், நிர்வாகக் கட்டணமாக மட்சுஷிதாவுக்கு 3 சதவீதம். ஐரோப்பாவில் நேரில் உட்கார்ந்து பேரம் பேசியவர் அதே தகாஹாஷி.

டொயோட்டா 20 சதவீதம் விலை குறைக்கச் சொன்ன கதை?

1961இல் கார் ரேடியோவுக்கு உடனே 5 சதவீதம், அரை ஆண்டுக்குள் மேலும் 15 சதவீதம் குறைக்கச் சொன்னது டொயோட்டா. அப்போது அந்தப் பொருளில் லாபமே 3 சதவீதம். மறுப்பதை விட்டுவிட்டு, தரத்தையும் செயல்திறனையும் தொடாமல் வேறு எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அனுமதி கொடுத்தார். ஐந்து சதவீதம் என்றால் பாகம் பாகமாகச் சுரண்டத் தோன்றும். இருபது என்றால் முதலிலிருந்தே புதிதாக வரைய வேண்டும். ஓர் ஆண்டுக்குப் பிறகு கேட்ட விலையிலேயே லாபமும் வந்தது.

அதாமி கூட்டத்தில் ஏன் அழுதார்?

1964 ஜூலையில் அதாமி என்ற வெந்நீர் ஊற்று ஊரில் விற்பனை நிறுவன உரிமையாளர்களைக் கூட்டினார். சுமார் 170 நிறுவனங்களில் இருபதுக்குச் சற்று அதிகமானவைதான் லாபத்தில் இருந்தன. முதல் இரண்டு நாளும் மாறி மாறிக் குற்றச்சாட்டு. தொழிற்சாலை உற்பத்தி இலக்கைச் சமாளிக்கச் சரக்கை எங்கள் தலையில் தள்ளுகிறது என்றார்கள் உரிமையாளர்கள். நீங்கள் நோகாமல் இருந்துவிட்டீர்கள் என்றார் மட்சுஷிதா. மூன்றாம் நாள், தவறு எங்களுடையது என்று சொல்லிக் கண்ணீர் விட்டார்.

எல்லோரும் கண்ணீரோடு கதையை முடிக்கிறார்கள். அடுத்து நடந்ததுதான் முக்கியம். 70 வயதை எட்டவிருந்தவர், தலைவர் பதவியில் இருந்தபடியே விற்பனைப் பிரிவின் பொறுப்புத் தலைவராக உட்கார்ந்தார். ஒரு வட்டாரத்துக்கு ஒரே விற்பனை நிறுவனம் என்று எல்லை பிரித்தார். நடுவில் இருந்த விற்பனை அலுவலகத்தை விலக்கி, உற்பத்திப் பிரிவு விற்பனை நிறுவனத்தோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளச் செய்தார். சரக்குக்குப் பிறகு பணம் தருவதாக எழுதிக்கொடுக்கும் நீண்ட தவணைப் பத்திரங்களைக் குறைத்து ரொக்கத்துக்கு மாற்றினார். பத்திரம் நீளும்போது கிடங்கில் கிடக்கும் சரக்கு யார் பணம் என்பதே தெரியாமல் போய்விடும். நோயின் வேர் அங்கேதான் இருந்தது.

அதே ஆண்டு, 100 கோடி யென்னுக்கு மேல் செலவழித்திருந்த பெரிய கணினித் திட்டத்தையும் நிறுத்தினார். அது சரியா தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

அவர்மீது விமர்சனமே இல்லையா?

நிறைய உண்டு. பிறர் கண்டுபிடித்ததைப் பின்தொடர்ந்து மலிவாகச் செய்கிறார் என்பதால் ‘காப்பியடித்தான்’ என்று பொருள்படும் ‘மனேஷிதா’ என்ற கேலிப்பெயர் நிறுவனத்துக்கு இருந்தது. நிறுவனம் குறித்த விலைக்குக் கீழே கடைகள் விற்கக் கூடாது என்ற பிடிவாதம், டாய்யெய் பேரங்காடியோடு முப்பது ஆண்டு மோதலாக நீண்டது. அறிவித்த விலை ஒன்று, உண்மையில் விற்கும் விலை வேறு என்று சொல்லி 1970இல் பெண்கள் அமைப்புகள் கலர் டிவியைப் புறக்கணித்தன. அதன் பிறகே விலை இறங்கியது. குழாய்த் தண்ணீர் பேசியவருக்கு இது சங்கடமான அத்தியாயம்தான். போர்க்காலத்தில் மரக் கப்பலும் மர விமானமும் செய்ததால் போருக்குப் பின் அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் பதவி நீக்கப் பட்டியலில் சேர்ந்தார். தொழிற்சங்கமே சுமார் 15,000 கையெழுத்து திரட்டி, அவரை நீக்காதீர்கள் என்று மனு கொடுத்தது. 1947இல் விடுவிக்கப்பட்டார்.

தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டா?

உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிப்போ பேட்டரி, 1970களில் மட்சுஷிதாவின் தொழில்நுட்பக் கூட்டில் பிறந்தது. பானசோனிக் ரைஸ் குக்கர்களும் சென்னையில் தயாராயின.

அவருக்குப் பிறகு பிரிவு முறை என்ன ஆனது?

காலப்போக்கில் பிரிவுகள் ஒரே பொருளைத் தனித்தனியே செய்து ஒன்றோடொன்று மோதின. 2000இல் தலைவரான நகமுரா குனியோ, நிறுவனரின் கொள்கையைத் தவிர எதையும் மாற்றலாம் என்று சொல்லிப் பிரிவு முறையைக் கலைத்தார். சுமார் 13,000 பேர் முன்கூட்டிய ஓய்வில் போனார்கள். அடுத்தடுத்து 2011, 2012 நிதியாண்டுகளில் தலா 75,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம். பிளாஸ்மா டிவி ஆலைகளில் கொட்டிய முதலீடு அதில் பெரிய பங்கு. 2013இல் அப்போதைய தலைவர் சுகா கஸுஹிரோ பிரிவு முறையைத் திரும்பக் கொண்டுவந்தார், இம்முறை 49 பிரிவுகளோடு.